‘அங்கிள்ஸ் ஆர்மி’ கோப்பை தூக்கிய கதை... பெஞ்ச்சை வைத்து சி.எஸ்.கே போட்ட கணக்கு!

2018 ஜனவரி 27, 28. பெங்களூரில் ஐ.பி.எல் மெகா ஏலம். இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பி வருகிறது. மயிலாப்பூர் டீக்கடையிலிருந்து தி.நகர் ஜவுளிக்கடை வரை எல்லோர் கையிலும் மொபைல். யாரை எடுக்கப்போகிறார்கள்?

ஏலம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் பறந்தது வாழ்த்து அல்ல, கிண்டல்! ‘இது கிரிக்கெட் டீமா, முதியோர் இல்லமா?’, ‘டாடீஸ் ஆர்மி’, ‘அங்கிள்ஸ் ஆர்மி’ என்று மீம்ஸ் குவிந்தன. சென்னை ரசிகர்களுக்கே கோபம்தான். மேற்கு மாம்பலத்து அஷ்வினை சி.எஸ்.கே முயன்றும் எடுக்க முடியவில்லை. 7.6 கோடி ரூபாய்க்கு பஞ்சாப் அள்ளிக்கொண்டு போனது. நம்ம ஊர் ஆளை விட்டுவிட்டு, ஓய்வுபெறும் வயதில் இருப்பவர்களை வாங்கிக் குவிக்கிறார்களே என்ற ஆதங்கம் எல்லோருக்கும் இருந்தது.

நான்கே மாதங்கள். அதே ‘அங்கிள்’கள் மும்பை வான்கடே மைதானத்தில் கோப்பையைத் தூக்கினார்கள்.

அது அதிர்ஷ்டமா, கணக்கா? அந்தக் கணக்கு எப்போதெல்லாம் பலித்தது, எப்போது கைவிட்டது?

கையில் இருந்தது 47 கோடி

முதலில் பணக் கணக்கு. அந்த ஆண்டு ஒவ்வோர் அணியும் மொத்தம் 80 கோடி ரூபாய்தான் செலவழிக்கலாம். தோனிக்கு 15 கோடி, ரெய்னாவுக்கு 11 கோடி, ஜடேஜாவுக்கு 7 கோடி என மூன்று பேரை சி.எஸ்.கே ஏற்கெனவே தக்கவைத்துவிட்டது. மீதி 47 கோடி. அதற்குள் ஓர் அணியையே கட்ட வேண்டும்.

ஏலத்தில் விலை எங்கே எகிறியது தெரியுமா? பென் ஸ்டோக்ஸ் 12.5 கோடி, ஜெய்தேவ் உனத்கட் 11.5 கோடி, கே.எல்.ராகுல் 11 கோடி. இப்படி நாலு பேரை வாங்கினாலே பர்ஸ் காலி. சி.எஸ்.கே அந்தப் பக்கமே அதிகம் போகவில்லை. ‘முடிந்துபோனவர்’ என்று மற்றவர்கள் கைதூக்கத் தயங்கிய இடத்தில் கையைத் தூக்கியது.

அந்தப் பட்டியல் இதுதான்... வயது ஏல நாளன்று இருந்த வயது.

• இம்ரான் தாஹிர் – 38 வயது – 1 கோடி
• ஹர்பஜன் சிங் – 37 வயது – 2 கோடி
• ஷேன் வாட்சன் – 36 வயது – 4 கோடி
• டுவைன் பிராவோ – 34 வயது – 6.4 கோடி
• ஃபாஃப் டு பிளெஸ்ஸி – 33 வயது – 1.6 கோடி
• முரளி விஜய் – 33 வயது – 2 கோடி
• அம்பத்தி ராயுடு – 32 வயது – 2.2 கோடி
• கேதர் ஜாதவ் – 32 வயது – 7.8 கோடி

கேப்டன் தோனிக்கே அப்போது 36.

இந்தப் பட்டியலில் கேதரையும் பிராவோவையும் தவிர மற்ற ஆறு பேரின் மொத்த விலையைக் கூட்டிப் பாருங்கள். 12.8 கோடி. கிட்டத்தட்ட ஒரு ஸ்டோக்ஸின் விலை!

வயதானவர்கள் மட்டுமல்ல, கவனிக்கப்படாதவர்களும் பட்டியலில் இருந்தார்கள். தீபக் சஹார் 80 லட்சம். புனே அணியில் தோனியோடு இருந்த காலத்தில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தவர். புதுப் பந்தை இரண்டு பக்கமும் ஸ்விங் செய்வார் என்பதைத் தோனி பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். சென்னையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றுதான். முதல் ஆறு ஓவருக்குள் விக்கெட் எடு!

இதுதான் தோனி – ஃபிளெமிங் கூட்டணியின் ஃபார்முலா. ‘எல்லாம் தெரிந்த’ ஸ்டாரைத் தேடுவதில்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆளைத் தேடுவார்கள். அந்த வேலையை ஏற்கெனவே நூறு முறை செய்தவர் என்றால் இன்னும் நல்லது. சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரு மேட்ச்சில் சொதப்பினால் கலங்க மாட்டார். இரண்டு மாதம் ஓடும் தொடரில் ஆட்களைத் தயார்செய்ய நேரம் ஏது?

வீடு இல்லாத அணி

ஆனால், 2018 சீசன் திட்டப்படி தொடங்கவில்லை. ஏப்ரல் 7, மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 7.8 கோடி கேதர் ஜாதவுக்குத் தொடைத் தசையில் காயம். வலியோடு திரும்பி வந்து ஜெயிக்க வைத்துவிட்டுத் தொடரிலிருந்தே விலகினார். அந்த ஆட்டத்தில் 30 பந்தில் 68 ரன் அடித்துத் தோல்வியின் வாயிலிருந்து அணியை இழுத்து வந்தவர் 34 வயது பிராவோ.

மூன்று நாள் கழித்து சேப்பாக்கம். இரண்டு ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்கள் ஒரு பக்கம். காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரி நடந்த போராட்டங்களின் சூடு மறுபக்கம். மைதானத்துக்குள் செருப்பு வீசப்பட்டது. கொல்கத்தாவின் 202 ரன்னைத் துரத்தி ஒரு பந்து மீதம் இருக்க சி.எஸ்.கே ஜெயித்தது. 23 பந்தில் 56 ரன் அடித்தவர் சாம் பில்லிங்ஸ், 1 கோடிக்கு வாங்கப்பட்டவர்.

சென்னையில் அந்த ஆண்டு நடந்தது அந்த ஓர் ஆட்டம்தான். மீதி ஹோம் மேட்ச்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு சிறப்பு ரயிலே விட்டு ரசிகர்களைப் புனேவுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த விருந்து, ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் 57 பந்தில் அடித்த 106 ரன்.

சேப்பாக்கத்தின் மெதுவான பிட்ச்சை மனதில் வைத்து ஸ்பின்னர்களை வாங்கிய அணி, வேறு மண்ணில் ஆட வேண்டிய நிலை. அனுபவசாலிகள் இல்லாத ஓர் இளம் அணி என்றால் அங்கேயே தடுமாறியிருக்கலாம். இவர்களோ ஊர் ஊராக ஆடிப் பழகியவர்கள். ‘அதனாலென்ன?’ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஹர்பஜன் தமிழில் ட்வீட் போட்டு அசத்த, விக்கெட் எடுத்ததும் மைதானத்தையே சுற்றி ஓடும் தாஹிருக்கு ‘பராசக்தி எக்ஸ்பிரஸ்’ என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள்.

பெஞ்ச் என்பது காத்திருப்போர் அறையா?

இங்கே கொஞ்சம் பாஸ்கெட்பால் பக்கம் போய் வரலாம். அந்த ஆட்டத்துக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரி இன்று இயங்குவது நந்தனத்தில்தான்.

பாஸ்கெட்பாலில் களத்தில் ஐந்து பேர். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். அதனால் பெஞ்ச்சில் இருப்பவர்களும் ஆட்டத்தின் பாதி. இதைக் கலையாகவே செய்து காட்டியது அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். 2014-ல் மியாமியை 4-1 என்று வீழ்த்தி சாம்பியன் ஆனபோது டிம் டங்கனுக்கு 38 வயது, மனு ஜினோபிலிக்கு 36. அந்த சீசனில் எந்த வீரரும் சராசரியாக 30 நிமிடம்கூட ஆடவில்லை. ஒரு ஆட்டம் 48 நிமிடம்! உலகத்தர வீரரான ஜினோபிலி பெரும்பாலும் பெஞ்ச்சிலிருந்துதான் வருவார். சார்லட் அணி 2012-ல் கழற்றிவிட்ட போரிஸ் டியாவ், ஸ்பர்ஸில் இறுதிப்போட்டியின் முக்கியத் துருப்புச்சீட்டு ஆனார்.

கிரிக்கெட்டில் அப்படி மாற்ற முடியாது. 25 பேர் அணியில் இருந்தால் 11 பேர்தான் ஆடுவார்கள். அதிலும் வெளிநாட்டு வீரர்கள் நான்கு பேர்தான். மற்றவர்கள் தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டும். அழைப்பு எப்போது வரும் என்று தெரியாது. வரும் நாளில் தயாராகவும் இருக்க வேண்டும். 22 வயதுப் பையனுக்கு இது நரகம். ‘என் காலம் போகுதே’ என்று மனம் உடையும். உலகக்கோப்பை, கேப்டன்சி எல்லாம் பார்த்துவிட்ட 33 வயதுக்காரருக்கு அந்தப் பதற்றம் குறைவு.

டு பிளெஸ்ஸிதான் சரியான உதாரணம். அப்போது அவர் தென்னாப்பிரிக்காவின் கேப்டன். ஆனால், 2018 லீக் சுற்றின் பெரும்பாலான ஆட்டங்களில் வெளியேதான். மே 22, குவாலிஃபையர். ஹைதராபாத் வைத்த இலக்கு 140. சி.எஸ்.கே 62 ரன்னுக்கு 6 விக்கெட். தோனியும் அவுட். டிவியை அணைத்தவர்கள் பலர். டு பிளெஸ்ஸி மட்டும் நின்றார். 42 பந்தில் 67 நாட் அவுட், கடைசி ஓவரின் முதல் பந்தில் சிக்ஸர். சி.எஸ்.கே ஃபைனலில்!

மே 27 ஃபைனலில் இன்னொரு முடிவு. ஹர்பஜனை உட்கார வைத்துவிட்டு லெக் ஸ்பின்னர் கரண் சர்மாவை இறக்கினார்கள். 47 ரன்னில் மிரட்டிக்கொண்டிருந்த வில்லியம்சனை கரண் பந்தில் தோனி ஸ்டம்பிங் செய்தார். பிறகு வாட்சன். முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட இல்லை. ‘அங்கிளுக்கு முடியல’ என்று மீம் தயாராகிக்கொண்டிருந்தபோது மட்டை சுழல ஆரம்பித்தது. 57 பந்தில் 117 நாட் அவுட். 179 ரன் இலக்கு 18.3 ஓவரில் முடிந்தது.

வயது பற்றிக் கேட்டபோது தோனி சொன்னது எளிமையானது. ஒருவருக்கு எத்தனை வயது என்பதைவிட, மைதானத்தில் அவரால் எவ்வளவு ஓட முடிகிறது என்பதே கேப்டனுக்குத் தேவை. அதற்கு அவர் காட்டிய உதாரணம் ராயுடு. 2.2 கோடிக்கு வந்த ராயுடு அந்த சீசனில் எடுத்தது 602 ரன்!

பில் வந்த வருடம்

2019-லும் கணக்கு சரியாகவே ஓடியது. 40 வயதில் தாஹிர் 26 விக்கெட் எடுத்து பர்ப்பிள் கேப் வாங்கினார். ஃபைனலில் முழங்காலில் ரத்தம் வழிய வாட்சன் 80 ரன் அடித்தும், மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் கோப்பை போனது.

2020-ல் பில் வந்தது. எல்லோருக்கும் இரண்டு வயது கூடியிருந்தது. கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் ஆடாமல் இருந்து நேரே ஐக்கிய அரபு அமீரக வெயிலில் இறங்கினார்கள். ரெய்னாவும் ஹர்பஜனும் தொடரிலிருந்து விலகிவிட்டார்கள். கால்கள் நகரவில்லை. எட்டு அணிகளில் ஏழாவது இடம். சி.எஸ்.கே முதன்முறையாகப் பிளே ஆஃப் போகாத ஆண்டு அது.

இளைஞர்களிடம் போதுமான ‘ஸ்பார்க்’ தெரியவில்லை என்று தோனி சொன்னது சர்ச்சை ஆனது. ‘அப்படியானால் கேதர் ஜாதவிடம் ஸ்பார்க் இருக்கிறதா?’ என்று சென்னைக்காரரான முன்னாள் கேப்டன் ஸ்ரீகாந்தே டிவியில் கொந்தளித்தார். கடைசியில் வாய்ப்புக் கிடைத்த ருதுராஜ் கெய்க்வாட் தொடர்ந்து மூன்று அரைசதம் அடித்தார். மூன்று ஆட்டங்களிலும் சி.எஸ்.கே ஜெயித்தது. ஆனால், காலம் கடந்துவிட்டது.

உத்தப்பாவும் ரஹானேவும்

சி.எஸ்.கே பாடம் கற்றது. ஆனால், பழைய ஃபார்முலாவைத் தூக்கிப் போடவில்லை, திருத்தியது. டாப் ஆர்டரில் ருதுராஜ் மாதிரி இளம் கால்கள். அவர்களுக்குப் பின்னால் பெஞ்ச்சில் அனுபவசாலிகள்.

2021-ல் ராஜஸ்தானிடமிருந்து ராபின் உத்தப்பாவை வாங்கியபோது அவருக்கு 35 வயது. 2014-ல் ஆரஞ்சு கேப் வாங்கியவர் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தார். ரெய்னாவுக்குக் காயம் என்றதும் கடைசிக் கட்டத்தில் அழைப்பு. குவாலிஃபையரில் டெல்லிக்கு எதிராக 44 பந்தில் 63. ஃபைனலில் கொல்கத்தாவுக்கு எதிராக 15 பந்தில் 31. கோப்பை!

2022 டிசம்பர் ஏலத்தில் அஜிங்க்ய ரஹானே. ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு டெஸ்ட் தொடரை வென்று தந்த கேப்டன், இந்திய அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். ‘டி20-க்கு வேகம் போதாது’ என்ற முத்திரை வேறு. அடிப்படை விலை 50 லட்சத்துக்கு சி.எஸ்.கே எடுத்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் இடமில்லை. மொயின் அலிக்கு உடம்பு சரியில்லை என்பதால் ஏப்ரல் 8-ம் தேதி வான்கடேயில் திடீர் வாய்ப்பு. 19 பந்தில் அரைசதம், 27 பந்தில் 61! கொல்கத்தா ஈடன் கார்டனில் 29 பந்தில் 71 நாட் அவுட். அந்த ஆட்டங்களின் பலனாக இந்திய டெஸ்ட் அணிக்கே திரும்ப அழைப்பு வந்தது. ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலில் 89 ரன் அடித்தார்.

பெங்களூர், ராஜஸ்தான் என்று சுற்றிவந்த ஷிவம் துபேவின் கதையும் இதே ரகம்தான். சென்னை அவரிடம் கேட்டது சுழற்பந்தைத் தூக்கி அடிப்பதை மட்டும். 2023-ல் 35 சிக்ஸர். அடுத்த ஆண்டு டி20 உலகக்கோப்பை வென்ற இந்திய அணியில் துபே இருந்தார்.

2023 ஃபைனல்தான் ராயுடுவுக்குக் கடைசி ஆட்டம். 8 பந்தில் 19 ரன். ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸர், பவுண்டரி அடித்து முடித்ததும், கோப்பையை வாங்க தோனி தனியாகப் போகவில்லை. ராயுடுவையும் ஜடேஜாவையும் முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார். அந்தக் கோப்பை சென்னை வந்ததும் தி.நகர் வெங்கடநாராயணா சாலை திருப்பதி தேவஸ்தானக் கோயிலில் பூஜைக்கு வைக்கப்பட்டது.

ஜெகதீசன் சொல்லும் இன்னொரு கதை

பெஞ்ச்சில் அனுபவசாலிகள் காத்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் பக்கத்தில் இன்னொருவரும் காத்திருக்கிறார். அவர் பெயர் நாராயண் ஜெகதீசன். கோவைப் பையன். 2018-ல் 20 லட்சத்துக்கு சி.எஸ்.கே-வில் சேர்ந்தார். முதல் ஆட்டம் ஆடியது 2020-ல். ஐந்து சீசன்களில் அவர் ஆடிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2022 நவம்பரில் அணி அவரை விடுவித்தது.

அதே மாதம் விஜய் ஹசாரே தொடரில் தமிழ்நாட்டுக்காகத் தொடர்ந்து ஐந்து சதம். ஐந்தாவது சதம் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன்! லிஸ்ட் ஏ கிரிக்கெட்டில் தொடர்ந்து ஐந்து சதம் அதுவரை உலகிலேயே யாரும் அடிக்காதது. அந்த 277-ம் அதுவரை யாரும் தொடாத தனிநபர் ஸ்கோர். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அவரை 90 லட்சத்துக்கு எடுத்தது.

அனுபவத்துக்குக் கொடுக்கும் ஒவ்வோர் இடமும் ஓர் இளைஞரின் இடம். ஏலப் பட்டியலில் எழுதப்படாத விலை அது. சென்னைப் பெயரைச் சுமக்கும் அணியில் தமிழ்நாட்டுப் பையன்கள் ஏன் இல்லை என்று சேப்பாக்கம் கேலரியில் ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்விக்குப் பின்னால் இந்த வலியும் இருக்கிறது.

மாறிய கணக்கு

2025-ல் அந்த விலை மொத்தமாக வசூலானது. 9.75 கோடிக்கு அஷ்வின் பிறந்த ஊருக்குத் திரும்பினார். ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் என்று அனுபவ முகங்கள் வந்தன. பழைய மேஜிக் நடக்கவில்லை. பத்து அணிகளில் பத்தாவது இடம். சி.எஸ்.கே வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி.

ஃபார்முலா ஏன் தோற்றது? விதி மாறியது ஒரு காரணம். 2023-லிருந்து ‘இம்பாக்ட் பிளேயர்’ வந்துவிட்டதால், பெஞ்ச்சிலிருந்து ஒருவரை ஆட்டத்தின் நடுவே இறக்கலாம். கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் கையில் இருப்பதால் எல்லா அணிகளும் முதல் பந்திலிருந்தே அடிக்கின்றன. நின்று நிதானித்துக் கடைசியில் முடிக்கும் பழைய பாணிக்கு அங்கே நேரமில்லை. இன்னொரு காரணம், 2018-ல் சி.எஸ்.கே வாங்கிய அனுபவசாலிகள் ஒவ்வொருவருக்கும் தெளிவான ஒரு வேலை இருந்தது. 2025-ல் யார் எந்த இடத்தில் ஆடுவது என்பதே ஆட்டத்துக்கு ஆட்டம் மாறியது.

சீசன் பாதியில் காயமடைந்தவர்களுக்குப் பதிலாக மூன்று பேர் வந்தார்கள். 17 வயது ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல். பெங்களூருக்கு எதிராக மாத்ரே 48 பந்தில் 94 அடித்தபோது சென்னை ரசிகர்களுக்கு நீண்ட நாள் கழித்துச் சிரிப்பு வந்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மெகா ஏலத்தில் இந்த மூன்று பேரையுமே எந்த அணியும் வாங்கவில்லை!

அதாவது, மற்றவர்கள் தவறவிட்டவரைக் கண்டெடுக்கும் பழக்கம் சி.எஸ்.கே-விடம் இன்னும் இருக்கிறது. மாறியிருப்பது வயது. 2025 டிசம்பர் ஏலத்தில் சர்வதேசப் போட்டி ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் தலா 14.2 கோடிக்கு வாங்கியது அதே சி.எஸ்.கே. இருவரின் வயதையும் கூட்டினால் நாற்பதுகூட வராது.

வாட்சனை 4 கோடிக்கு வாங்கியபோது, சொதப்பினாலும் நஷ்டம் 4 கோடிதான். அதனால் காத்திருக்க முடிந்தது. 14 கோடி இளைஞரைத் தண்ணீர் பாட்டில் தூக்க வைத்துவிட்டு ஒரு டு பிளெஸ்ஸியைப் போல நிதானமாகக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? சேப்பாக்கம் இனி பார்க்கப்போவது அந்தப் பரீட்சையைத்தான்.